எங்கள் தீவை நாங்களே படம்பிடிப்போம்

எமது வீடுகளின் சுவர்களில் தொங்கும் படங்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மாலை போட்ட படம் ஒன்று இருக்கும். மாலை போட மனம் வராமல், கீழே திகதியும் எழுதாமல் வைத்திருக்கும் படம் இன்னொன்று இருக்கும். பல வீடுகளில் அதுவும் இல்லை. கலியாண அல்பம், பிள்ளையின் முதலாவது பிறந்தநாள் படம், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிப் படம் எல்லாம் இடப்பெயர்வுகளின்போதும், 2009ஆம் ஆண்டின் அந்தக் கடைசி மாதங்களில் பதுங்குகுழிகளிலும் தறப்பாள் கொட்டில்களிலும் தொலைந்துபோயின. எஞ்சியவை அடையாள அட்டைக்காக எடுத்த சின்னப் படங்கள்தான். அதனைப் பெருப்பித்து, மட்டையில் ஒட்டி, கையில் ஏந்தியபடி வீதியோரத்தில் இருந்த தாய்மாரை நாம் அறிவோம். அவர்களில் பலர் இன்றும் அங்கேயே இருக்கின்றனர்.

ஆகவே எமது பெண்களுக்குப் புகைப்படம் என்றதும் இழப்புத்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. நான் இம்முறை எழுதவந்தது வேறொரு வகைப் படத்தைப் பற்றி. பறவை, விலங்கு, கடற்கரை, மணல்வெளி, பனங்கூடல் ஆகியவற்றைப் படம்பிடிக்கும் கலை அது. "அன்றாடச் சீவியத்துக்கே வழியில்லாத சனத்துக்கு இது எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். நான் வேலை செய்யும் இடத்திலும் அப்படிக் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்குரிய பதிலை நான் மன்னார்த் தீவிலே கண்டேன்.

தாம்போதியின் இரு கரை

தள்ளாடிச் சந்தியைக் கடந்து தாம்போதியில் ஏறினால் இரண்டு பக்கமும் ஆழமில்லாத களப்பு. 1990இல் தகர்க்கப்பட்ட பாலத்துக்குப் பதிலாக 2010 மார்ச்சில் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் வழியாகத்தான் இன்று தீவுக்குள் போகிறோம். பெருநிலப் பக்கத்திலுள்ள வங்காலைக் கரையோரம் 2008இல் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. 4,839 ஹெக்டேயர் பரப்புடைய இவ்விடம், 2010இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. தீவின் மற்ற முனையான தலைமன்னாருக்கு அப்பால், தனுஷ்கோடியை நோக்கிக் கடலில் வரிசையாகக் கிடக்கும் மணல் தீடைகள் 2015இல் தேசிய பூங்காவாக்கப்பட்டன.

மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் குளிருக்குத் தப்பித் தெற்கே வரும் பறவைகளுக்கு மன்னார் இலங்கையின் வாசற்படி போன்றது. ஊசிவால் வாத்துகள், உள்ளான்கள், கடற்காகங்கள், ஆலாக்கள் எல்லாம் ஒக்டோபர் வாடைக்காற்றோடு வரத் தொடங்கும். பூநாரைகள் நீர் வற்றிச் சேறாகும் இடங்களில் தலையைக் கவிழ்த்து, சொண்டால் நீரை வடித்து உண்ணும். அவற்றின் இளஞ்சிவப்பு நிறமும் அந்த உணவிலிருந்தே வருகிறது. கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சம்பத் செனவிரத்ன தலைமையிலான குழுவினர் மன்னாரில் பிடித்துச் சிறு செய்மதிக் கருவி பூட்டிப் பறக்கவிட்ட மேகா என்ற கடற்காகம், 2021இல் 6,000 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள ரஷ்யாவின் யமால் தீபகற்பத்துக்குப் போய், திரும்பவும் மன்னாருக்கே வந்தது. இதனை நான் எமது பெண்களுக்குச் சொன்னபோது ஒரு அம்மா, "பாஸ் இல்லாமலே போட்டு வந்திட்டுதோ?" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஊர்விட்டு ஊர் போக வரிசையில் நின்று அனுமதி வாங்கிய காலம் எவருக்கும் மறக்கவில்லை.

நவம்பரிலிருந்து மார்ச் வரை கொழும்பிலிருந்து வாகனங்கள் வந்து தாம்போதி ஓரத்தில் நிற்கும். முழங்கை நீள வில்லை பூட்டிய கமராக்களோடு இறங்குவார்கள். அவர்கள் எடுக்கும் படங்கள் மிக அழகானவை. அதனை மறுக்கமாட்டேன். போர்க்காலத்தில் எவரும் வந்து பார்க்காத இடங்களை அவர்கள் உலகுக்குக் காட்டினார்கள். என் குறை வேறு. அப்படங்களைப் பார்ப்பவருக்கு மன்னார் ஆளில்லாத தீவு என்றே தோன்றும். பூநாரைக்கு ஐம்பது யார் தள்ளி முழங்காலளவு நீரில் நண்டு வலை தெரிந்துகொண்டிருக்கும் பெண் அதில் இல்லை. சில வேளைகளில் நாமும் இருப்போம், ஆனால் சுருக்கம் விழுந்த முகமாக, வெற்றிலை குதப்பிய வாயாக, பெயரில்லாமல்.

இது புதிய வழக்கமன்று. ஜூலியா மார்கரெட் கமரோன் என்ற புகழ்பெற்ற ஆங்கிலப் புகைப்படக் கலைஞர் 1875இல் இலங்கை வந்து, 1879இல் இங்கேயே இறந்தார். தமது 48ஆவது வயதில், மகள் கொடுத்த கமராவோடு இக்கலையைத் தொடங்கியவர் அவர். (இனி என்னால் என்ன பழக ஏலும் என்று சொல்லும் அக்காமாரின் கவனத்துக்கு.) இங்கிலாந்தில் அவர் எடுத்த பிரமுகர்களின் படங்களுக்குப் பெயர் உண்டு. இலங்கையில் எடுத்தவற்றில் ஒன்றின் தலைப்போ களுத்துறைக் குடியானவர் கூட்டம் என்பதுதான். யார் பார்க்கிறார், யார் பார்க்கப்படுகிறார் என்று சமூகவியல் வகுப்பில் நாங்கள் பக்கம் பக்கமாக எழுதிய விடயம் அந்த ஒரு தலைப்புக்குள் அடங்கிவிடுகிறது.

பதினொரு பெண்களும் ஐந்து தொலைபேசிகளும்

2023இன் இறுதியில் தீவின் ஒரு கிராமத்து மாதர் சங்கக் கட்டடத்தில் நாங்கள் ஒன்றுகூடத் தொடங்கினோம். உளவளத்துணைக் குழுவாகத் தொடங்கியது அது. ஆனால், வட்டமாக இருந்து பேசச் சொன்னால் எமது பெண்கள் பேசமாட்டார்கள். பேசியவற்றையே எத்தனை தரம்தான் விசாரணைகளிலும் படிவங்களிலும் பேசுவது? ஆகவே கையில் ஒரு வேலை வேண்டும் என்று நினைத்தோம். பனையோலை பின்னுவது அவர்களுக்குப் பிழைப்பு; அதில் ஆறுதல் தேடமுடியாது. ஒரு தங்கச்சிதான் படம் எடுப்போமா என்று கேட்டாள். பதினொரு பேரிடம் ஐந்து கைத்தொலைபேசிகள் இருந்தன. பிரான்ஸிலிருக்கும் தம்பி ஒருவர் எப்போதோ அனுப்பிய பழைய டிஜிட்டல் கமராவும் ஒன்று இருந்தது.

ஆள் இல்லாத படம் ஒன்று எடுத்துவாருங்கள் என்பதே முதல் வேலை. வந்தவை எல்லாம் பிள்ளைகளின் படங்கள். ஆட்களை விட்டுவிட்டு ஒரு பனையை மட்டும் படம் எடுப்பது வீண் என்றே அவர்கள் எண்ணினார்கள். எந்தக் கணமும் இழக்கக்கூடியது ஆள்தான் என்று வாழ்ந்தவர்கள் வேறெப்படி எண்ணுவார்கள்? அந்தப் பழக்கத்தை மாற்றுவதற்கு நாங்கள் அவசரப்படவில்லை. இரண்டாம் மாதம் ஒரு படத்தில் பிள்ளைக்குப் பின்னால் கழுதை நின்றது. மூன்றாம் மாதம் கழுதை மட்டும் நின்றது.

மன்னார்க் கழுதைகளைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை. அரபு வணிகர்கள் கொண்டுவந்தவற்றின் வழி வந்தவை என்று சொல்லப்படும் இவை, கவனிப்பாரின்றி பஸ் நிலையத்திலும் வீதிகளிலும் திரிகின்றன. பள்ளிமுனைப் பெருக்கமரத்தையும் அவர்களே கொண்டுவந்ததாகச் சொல்வர். வெளியாரின் படங்களில் கழுதை ஒரு வேடிக்கைப் பொருள். எமது பெண் எடுத்த படத்தில் அது மழைக்குக் கடை வாசலில் ஒதுங்கி நின்றது. ஒதுங்க இடந்தேடி நின்றவர்களுக்குத்தான் அந்தப் படம் எடுபடும் என்பது என் எண்ணம்.

குழுவில் ஒரு அம்மா இருக்கிறார். அவருடைய மகன் 2009இலிருந்து இல்லை. அவர் முதலில் கமராவைத் தொடவே மறுத்தார். ஜனவரி மாதக் காலையொன்றில் தாம்போதிக்கு எல்லோரும் போனபோது, தொலைநோக்கி வழியாக நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தங்கச்சியின் தொலைபேசியை வாங்கினார். அவர் எடுத்தது சிவந்த பூநாரைகளின் நடுவே சாம்பல் நிறத்தில் நின்ற ஒன்றை.

"பிள்ளை, அது வேற சாதிக் கொக்கோ?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லை அம்மா, அது பூநாரைக் குஞ்சுதான். வளர்ந்தது. நிறம் பிடிக்க இன்னும் சில வருசம் செல்லும்."

"அப்ப தாயோட வந்திருக்கு" என்றார்.

வேறொன்றும் சொல்லவில்லை. அந்தப் படம் சற்று மங்கல். கலை விமர்சகர் எவரும் அதனைப் பாராட்டமாட்டார். எனினும் அம்மா அதனை ஸ்டூடியோவில் அச்சிடுவித்து அலுமாரிக் கண்ணாடியில் செருகி வைத்திருக்கிறார். அதன் பின்புறத்தில் பேத்தியைக் கொண்டு திகதியும் இடமும் எழுதுவித்திருக்கிறார்.

இன்னொருவர் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த ராத்தா. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவிலிருந்து பெருந்தொகையானோர் படகுகளில் கற்பிட்டிக் கரைக்குப் போய்ச் சேர்ந்தனர். அப்போது ராத்தாவுக்கு ஒன்பது வயது. புத்தளத்தில் வளர்ந்து, கலியாணம் முடித்து, இருபது வருடங்களுக்குப் பின் திரும்பி வந்தவர். கரையில் நின்று கடலைப் படம் எடுக்க எல்லோரும் விரும்ப, ராத்தா மட்டும் நானாவின் வள்ளத்தில் ஏறிப்போய்க் கடலில் நின்று கரையைப் படம் எடுத்துவந்தார். பனைகள் ஒரு கோடுபோல, அதற்கு மேல் வானம் முக்கால் பங்கு. "நான் போகக்குள்ள இப்பிடித்தான் தெரிஞ்சது. அப்ப அழுகையில சரியாப் பாக்கல்ல" என்றார். எமது குழுவில் எடுக்கப்பட்ட நிலக்காட்சிகளில் மிகச் சிறந்தது அதுவென்றே சொல்வேன். அன்று அந்த அறையில் இருந்த தமிழ்ப் பெண்களில் சிலர் நெடுநேரம் நிமிர்ந்து பார்க்கவில்லை.

எப்படி எடுப்பது?

விலையுயர்ந்த கருவி இல்லாமல் பறவைப் படம் எடுக்க முடியுமா என்று பலர் கேட்கின்றனர். தூரத்துப் பறவையின் கண் தெரியும்படி எடுக்க 400 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட வில்லை வேண்டும் என்பது உண்மை. தொலைபேசித் திரையை விரலால் விரித்துப் பெருப்பித்தால் படம் சிதறிவிடும். ஆகவே தொலைபேசி மட்டும் உள்ளவர்கள் பறவையைச் சிறிதாகவே விட்டு, அது நிற்கும் இடத்தையும் சேர்த்து எடுக்கவேண்டும். களப்பு, வானம், தூரத்து வாடி, நடுவில் ஒரு நாரை. அதுவே நல்ல படம். தொலைநோக்கி கிடைத்தால் அதன் கண் வைக்கும் பக்கத்தில் தொலைபேசி வில்லையை ஒட்டிப் பிடித்தும் எடுக்கலாம். கை நடுங்கும், ஒருவர் பிடிக்க மற்றவர் அழுத்தவேண்டும். எமது பெண்கள் இதில் கெட்டிக்காரர்களாகிவிட்டனர்.

காலை எட்டு மணிக்கு முன்னரும் மாலை நாலரைக்குப் பின்னரும் உள்ள வெளிச்சமே நல்லது. உச்சி வெயிலில் மணல் வெளுத்துப் போகும், பறவை கறுத்துப் போகும். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். நின்று எடுப்பதைவிடக் குந்தியிருந்து எடுத்தால் பறவையின் உயரத்துக்கு நாம் போகிறோம், படமும் உயிர்ப்பாக இருக்கும். முழங்கைகளை விலாவோடு ஒட்டிப் பிடியுங்கள். கடற்காற்றில் உப்பும் மணலும் வில்லையில் படியும். பழைய பருத்தித் துணியால் மெதுவாக ஊதி ஊதித் துடைக்கவேண்டும், சேலைத் தலைப்பால் தேய்க்கக் கூடாது. அடிவானக் கோடு சரிந்து விழாமல் பார்த்துக்கொண்டாலே கடற்கரைப் படம் பாதி சரியாகிவிடும்.

இதையெல்லாம்விட முக்கியமானது பறவையின் பழக்கத்தை அறிந்திருப்பது. அதில்தான் எம்மவர் முந்தி நிற்கின்றனர். எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் நீர் ஏறும், கருவாடு காயப்போட்டால் எத்தனை மணிக்குக் கடற்காகம் வரும், வள்ளம் கரைதட்டும்போது நாரைகள் எங்கே நிற்கும் என்று கொழும்பிலிருந்து வருபவர் மூன்று நாள் காத்திருந்து அறிவதை எமது பெண்கள் பிறந்ததிலிருந்தே அறிவார்கள்.

தேனிப் பக்கத்துக் கிராமமொன்றில் பிறந்த ரதிகா ராமசாமி, இந்தியாவில் காட்டுயிர்ப் படக்கலையில் பெயர்பெற்ற முன்னோடிப் பெண்களில் ஒருவர். பொறியியல் படித்தவர். 2000களின் தொடக்கத்தில் பரத்பூர் பறவைகள் சரணாலயத்துக்குப் போனதே அவரை இத்துறைக்குக் கொண்டுவந்தது. அவரிடமுள்ள வசதியும் எமது நிலையும் ஒன்றல்ல. ஆனாலும் இதுவொரு ஆண்களின் வேலை என்று வீட்டில் யாராவது சொன்னால், அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

பறவைகள் தலையை நிமிர்த்தி ஒரே பக்கம் பார்க்கத் தொடங்கினால், நாம் நெருங்கிவிட்டோம் என்று பொருள். அங்கேயே நின்றுவிட வேண்டும். பறக்கும் படம் வேண்டுமென்று கல்லெறிந்து கலைப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்துவந்து களைப்பாறும் உயிரை அப்படி எழுப்புவது, முகாமில் நித்திரை கொண்டவர்களை நடுச்சாமத்தில் எழுப்பி வரிசையில் நிறுத்தியதற்கு ஒப்பானது. இதற்குமேல் எமது வாசகியருக்கு விளக்கவேண்டியதில்லை.

நெடுந்தீவின் குதிரைகள்

2024 ஓகஸ்டில் குழுவில் மூவர் நெடுந்தீவுக்குப் போனோம். மன்னாரைப் போல அதற்குப் பாலம் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்கு பஸ்ஸில் போய், அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணித்தியாலப் படகுப் பயணம். அந்தக் கடலில் 1985 மே 15இல் குமுதினிப் படகில் கொல்லப்பட்டவர்களை அத்தீவு மக்கள் ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றனர். படகில் எங்களோடு வந்த ஒரு ஆச்சி அதைப் பற்றித்தான் வழிநெடுகப் பேசிக்கொண்டு வந்தார்.

நெடுந்தீவு என்றாலே குதிரைப் படம்தான். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வளர்க்கப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட குதிரைகளின் வழி வந்த மட்டக்குதிரைகள், தெற்குப் பக்கத்து வெட்டவெளியில் கூட்டமாகத் திரிகின்றன. தீவின் ஒரு பகுதி 2015இல் தேசிய பூங்காவாகியது. குதிரை பாயும் படம், பிடரி பறக்கும் படம், மாலைச் சூரியனுக்கு முன்னால் கருநிழலாக நிற்கும் படம் எல்லாம் எங்கும் கிடைக்கும். சோளகக் காற்று அடிக்கும் கோடையில் அந்த மண்ணில் புல்லும் இராது, நீரும் இராது. தண்ணீரின்றிக் குதிரைகள் செத்துக்கிடந்த செய்திகளைப் பலமுறை வாசித்திருக்கிறோம். அந்தப் படங்களை எவரும் நாட்காட்டியில் போடுவதில்லை.

நாங்கள் போன சமயத்தில் முருகைக்கல் வேலி ஓரமாக ஒரு வீட்டு அக்கா கிணற்றில் அள்ளி, பிளாஸ்ரிக் தொட்டியில் நீர் நிறைத்துக்கொண்டிருந்தார். மாட்டுக்கு என்றார். மாடுகளுக்குப் பின்னால் இரண்டு குதிரைகளும் முறை பார்த்து நின்றன. கலைக்கவில்லையா என்று கேட்டோம். "வாயில்லாச் சீவன், எங்க போகும்? எங்களுக்கே கோடையில குடிதண்ணி கரைச்சல்தான்" என்றார். அவருடைய அனுமதியோடு எங்களில் ஒருத்தி எடுத்த படத்தில் தொட்டியும் வாளியும் ஒரு பெண்ணின் கையும் குதிரையின் மூக்கும் மட்டுமே உள்ளன. நெடுந்தீவைப் பற்றி நான் பார்த்த படங்களில் உண்மை கூடியது அது.

படம் சாட்சியாகும்போது

அழகுக்காகத் தொடங்கிய வேலை வேறொரு இடத்துக்கும் எங்களைக் கொண்டுபோயிற்று. மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளைக் கொண்ட, 103.5 மெகாவாட் வலுவுடைய தம்பபவனி மின்நிலையம் 2020 டிசம்பரில் தொடங்கியது. அதன்பின் அதானி நிறுவனத்தின் பெருந்திட்டம் வந்தது. பறவைகளின் வான்வழி தடைப்படும் என்பது உட்படப் பல காரணங்களைக் காட்டி 2024இல் உயர்நீதிமன்றத்தில் வழக்குகள் தொடரப்பட்டன. 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. எனினும் புதிய காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக 2025 ஓகஸ்டிலிருந்து மன்னார் மக்கள் வாரக்கணக்காக வீதியில் இருந்தனர். பெண்களும் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கத்திலும் 168 ஹெக்டேயரை மீன், இறால் வளர்ப்புக்காக விடுவிக்கும் வர்த்தமானி 2024 மே மாதம் வெளிவந்து, பின்னர் உயர்நீதிமன்றத்தால் இடைநிறுத்தப்பட்டது.

மின்சாரம் எமக்கும் வேண்டும். காற்றிலிருந்து பெறும் மின்சாரம் கரியையும் எண்ணெயையும் எரிப்பதைவிட நல்லது என்பதையும் நான் மறுக்கவில்லை. எங்கே, எத்தனை, யாரைக் கேட்டு என்பதே கேள்வி. அக்கேள்வி கூட்டங்களில் எழும்போது, இந்த இடத்தில் இந்த மாதத்தில் இத்தனை பறவை நின்றது, இந்த வாய்க்கால் இந்த மழைக்கு நிரம்பியது என்று காட்ட யாரிடம் பதிவு இருக்கிறது? போர்க்காலத்தில் வடக்கில் பறவைக் கணக்கெடுப்பு ஒழுங்காக நடக்கவில்லை. அந்த வருடங்கள் ஏடுகளில் வெறுமையாகக் கிடக்கின்றன. ஒரு பெண் தன் வேலிக்கு அப்பால் ஒவ்வொரு மாதமும் ஒரே இடத்தில் நின்று எடுக்கும் படம், திகதி, நேரம், இடம் என்பவற்றோடு சேரும்போது அவளுடைய வாய்ச்சொல்லுக்குத் துணை நிற்கும். காணி உறுதி தொலைந்து அலுவலகங்களில் அலைந்தவர்களுக்கு ஒரு பதிவின் பெறுமதி என்னவென்று தெரியும்.

இ-பேர்ட் என்ற இலவசச் செயலியில் பார்த்த பறவையைப் படத்தோடு பதிவுசெய்யலாம். பறவையின் காலில் நிற வளையமோ எழுத்துள்ள கொடியோ தெரிந்தால் அதனைக் கட்டாயம் படமெடுங்கள். எந்த நாட்டில் மாட்டியது என்று ஆய்வாளர்கள் கண்டறிய அது உதவும்.

காசும் காவலும்

இதில் வருமானம் வருமா? நேரே சொல்வதானால், பெரும்பாலானோருக்கு வராது. எங்கள் குழுவின் பன்னிரண்டு படங்களை ஒரு பாடசாலை நாட்காட்டிக்கு எடுத்தது. கிடைத்த தொகையைப் பதினொரு பேருக்குப் பிரித்தால் ஒரு நாள் கூலிகூட இல்லை. விருந்தினர் விடுதியொன்று படங்களை வாங்கி மாட்டியது. பறவை பார்க்க வருபவர்களுக்கு வழிகாட்டியாகப் போவதில் ஓரளவு பணம் உண்டு. இரண்டு பேர் பருவகாலத்தில் அதனைச் செய்கின்றனர். ஆகவே கமரா வாங்கவென்று நுண்கடன் எடுக்காதீர்கள். வாராவாரம் கடன் அறவிட வீட்டு வாசலில் வந்து நிற்பவர்களால் எமது பெண்கள் பட்டது போதும். இருக்கும் தொலைபேசி போதுமானது. குழுவாகச் சீட்டுப் போட்டு, சிறு தொலைநோக்கி ஒன்றை முதலில் வாங்குங்கள்.

தனியாகப் போகவேண்டாம். மிதிவெடி அடையாளம் இட்ட இடம், பாவனையற்ற பற்றைக்காடு ஆகியவற்றுக்குள் பறவைக்காகவும் இறங்கவேண்டாம். படை முகாம், சோதனைச்சாவடி படத்தில் விழாதபடி கோணத்தை மாற்றுங்கள். தேசிய பூங்காக்களுக்குள் போக வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி தேவை. மற்றப் பெண்களின் முகத்தை அவர்களைக் கேளாமல் எடுக்கவும், எடுத்ததை முகநூலில் போடவும் கூடாது. எமது படங்கள் எப்படியெல்லாம் கைமாறின என்பதை நாம் மறந்துவிடவில்லை.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் நடக்கும். அடுத்த கணக்கெடுப்பில் தாம்போதியின் ஒரு பகுதியை நாங்களே எண்ணுவதென்று முடிவுசெய்திருக்கிறோம். வாத்து வகைகளைப் பிரித்தறிவதில் இன்னும் தகராறு இருக்கிறது. பெட்டைகள் எல்லாம் ஒரே மாதிரி மண்ணிறம். ராத்தா அதற்காக ஒரு கொப்பியில் படம் வெட்டி ஒட்டிவருகிறார். அம்மாவுக்குக் கண் பார்வை குறைவாதலால் எண்ணிக்கையை எழுதும் பொறுப்பு அவருடைய பேத்திக்கு. பறவைகள் வடக்கே திரும்பியதும், மே மாதமளவில் ஆலாக்கள் முட்டையிடத் தீடைகளுக்கு வரும். கூட்டருகே ஆள் போனால் தாய் எழும்பிவிடும், வெயிலில் முட்டை வெந்துபோகும். செப்டெம்பர் முடியும்வரை அந்தப் பக்கம் படம் எடுக்கப் போவதில்லை.